ஃபேக்ஸ் அனுப்பாத பையன்

என் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கிவிட்டால் நீலமும் மஞ்சளும் கலவாத சட்டையில் அவரைப் பார்க்க முடியாது. நிதானமான மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர். அப்படிப்பட்டவர் ஒரு மதிய உணவு வேளையில், தான் நேரில் கண்டிராத 17 வயதுப் பையன் ஒருவனைத் துரோகி என்றார். மிச்சிகனில் சேருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருந்தவன், கையெழுத்திடும் நாள் நெருங்கும்போது மனம் மாறி வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். குற்றம் அவ்வளவுதான். பிறகு 2024 நவம்பர் 21 வந்தது. நாட்டின் முதல்நிலை இளம் வீரர் என்று மதிப்பிடப்பட்ட குவார்ட்டர்பேக் (தாக்குதல் ஆட்டத்தை வழிநடத்துபவர்) பிரைஸ் அண்டர்வுட், லூசியானாவின் எல்எஸ்யூ பல்கலைக்கழகத்துக்குப் பத்து மாதங்களுக்கு முன் கொடுத்திருந்த சொல்லை விட்டுவிட்டு மிச்சிகனுக்கு மாறினார். மறுநாள் காலை நம் நண்பர் எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்தார். அண்டர்வுட்டின் ஊரான பெல்வில், மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரிலிருந்து காரில் அரைமணி நேரம்கூட இல்லை. ஆகவே இது துரோகம் ஆகாதாம். பிள்ளை வீட்டுக்குத் திரும்பியிருக்கிறதாம்.

ரசிகர்களின் இரட்டை நாக்கு புதிதல்ல. அதற்காக ஒரு கட்டுரை எழுதத் தேவையில்லை. என்னை உறுத்தியது வேறு. அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரியாகவே பட்டது. சொன்ன சொல்லைக் காப்பது என்பதைப் பெரிய விஷயமாகச் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். ஒருவன் தொலைக்காட்சிக் கேமராவுக்கு முன் ஒரு கல்லூரியின் தொப்பியை அணிந்து, அந்தப் பயிற்சியாளரைக் கட்டித் தழுவி, சில மாதம் கழித்து வேறு தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கும் முகம் சுளிக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்தச் சுளிப்பு எப்போதும் ஒரே முகத்தைப் பார்த்துத்தான் வருகிறது. அது ஏன் என்ற கேள்விதான் என்னை விடவில்லை.

இந்த ஆட்டத்தைப் பின்தொடராத நம்மவர்களுக்கு விளக்கும்போது, நிச்சயதார்த்தம் மாதிரி என்று சொல்லிவிடுவேன். கல்லூரி உதவித்தொகை தருவதாகச் சொல்லும். பையன் சரி என்பான். ஊருக்கெல்லாம் தெரியும்படி அறிவிப்பான். ஆனால் கையெழுத்து நாள் வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. மற்றக் கல்லூரிகள் தொடர்ந்து தொலைபேசியில் அழைக்கும், வீட்டுக்கு வரும், அம்மாவின் கையால் சாப்பிட்டுப் பாராட்டும். ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலேயே சரி சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. கையெழுத்து வருவதற்கோ பன்னிரண்டாம் வகுப்பாகிவிடும். நிச்சயதார்த்த உவமை ஒரு விதத்தில் நான் நினைத்ததைவிட நன்றாகவே பொருந்துகிறது: நிச்சயம் முறிந்தால், யார் முறித்திருந்தாலும் பெண் வீட்டைத்தான் ஊர் பேசும்.

2015 பிப்ரவரி 4

ஒரு புதன்கிழமை. அப்போதெல்லாம் கையெழுத்து நாள் என்றால் பிப்ரவரியின் முதல் புதன்தான். டிசம்பரில் முன்கூட்டியே கையெழுத்திடும் வழக்கம் 2017இல்தான் வந்தது. அன்று காலை அமெரிக்கா முழுவதும் பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களில் மேசை போட்டு, தொப்பிகளை வரிசையாக வைத்து, பாட்டிமார்களை முன்வரிசையில் உட்கார வைத்திருப்பார்கள். பையன் கையெழுத்திட்ட தாளை ஃபேக்ஸில் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். உலகமே ஃபேக்ஸை மறந்த பிறகும் கல்லூரிக் கால்பந்து அலுவலகங்கள் அந்த ஒரு நாளுக்காக அந்த இயந்திரத்தைத் துடைத்து வைத்திருந்தன. கோடிக்கணக்கான டாலர் புழங்கும் ஒரு தொழில், அந்தக் காலையில் ஒரு ஃபேக்ஸ் இயந்திரத்தின் கீச்சொலிக்காகக் காத்திருக்கும். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும்.

அந்தப் புதன்கிழமையை இரண்டு பையன்கள் வழியாகத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன். ஒருவர் மைக் வெபர், டெட்ராய்ட்டின் காஸ் டெக் பள்ளியின் ரன்னிங் பேக், அதாவது பந்தை ஏந்தி ஓடுபவர். முதலில் மிச்சிகனுக்குச் சொல்லியிருந்து, அங்கே எல்லாம் ஆட்டம் கண்டபோது விலகி, ஓஹாயோ ஸ்டேட்டுக்குச் சொன்னவர். மிச்சிகன் புதிய தலைமைப் பயிற்சியாளராக ஜிம் ஹார்பாவைக் கொண்டுவந்ததும் மறுபடியும் தடுமாறி, கடைசிவரை இரண்டுக்கும் நடுவே நின்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர்மீது எவ்வளவு கோபம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. கடைசியில் ஓஹாயோ ஸ்டேட்டுக்கே கையெழுத்திட்டார். தாள் போய்ச் சேர்ந்தது. மறுநாள், ஓஹாயோ ஸ்டேட்டின் ரன்னிங் பேக் பயிற்சியாளர் ஸ்டான் டிரேட்டன் சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போகிறார் என்ற செய்தி வந்தது. யாரிடம் ஆட்டம் கற்கலாம் என்று நம்பி வெபர் கையெழுத்திட்டாரோ அவர்தான் போகிறார். ஒரே நாள் இடைவெளி.

இன்னொருவர் ரோக்வான் ஸ்மித். ஜார்ஜியா மாநிலத்தின் மான்டெசூமா என்ற சிற்றூரைச் சேர்ந்த லைன்பேக்கர், அதாவது தற்காப்பு வீரர். அதே புதன்கிழமை, தொலைக்காட்சி நேரலையில், தன் சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டுக் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏவுக்குப் போவதாக அறிவித்தார். அவரை அங்கே அழைத்துச் செல்ல உழைத்தவர் தற்காப்பு ஆட்டப் பயிற்சியாளர் ஜெஃப் உல்பிரிக். அறிவிப்பு முடிந்த கையோடு செய்தி கசிந்தது: உல்பிரிக் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்குப் போகக்கூடும். நகைப்புக்குரியது என்னவென்றால், அட்லாண்டா அந்தப் பையனின் ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தொலைவு. அவனை நாட்டின் மறுகோடிக்கு அழைத்த மனிதர், அவன் கிளம்பும் அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

ஸ்மித் தாளில் கையெழுத்திட்டு அனுப்பவில்லை. இவ்வளவுதான் வேறுபாடு. வெபரின் ஃபேக்ஸ் போய்விட்டது, ஸ்மித்தின் ஃபேக்ஸ் போகவில்லை. நாடே பார்க்க ஒரு கல்லூரியின் பெயரைச் சொன்ன பிறகு, அந்தத் தாளை அனுப்பாமல் வைத்திருக்க ஒரு பள்ளிச் சிறுவனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 13 அன்று, அவர் ஜார்ஜியாவைத் தேர்ந்தெடுத்தார். அதிலும் ஒரு காரியம் செய்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் இட்ட தேசிய ஒப்புதல் கடிதத்தில் அவர் கையெழுத்திடவே இல்லை. நிதி உதவி ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்திட்டார். இந்த இரண்டாவது தாள் கல்லூரியைக் கட்டுப்படுத்தும், பையனைக் கட்டிப்போடாது. 1964 முதல் வழக்கிலிருந்த அந்தக் கடிதத்தை மீறி வேறு கல்லூரிக்குப் போனால் ஒரு பருவ ஆட்டத்தை இழக்க வேண்டியிருக்கும். மேலும் அதிலேயே எழுதியிருந்தது: நீ கையெழுத்திடுவது கல்லூரியுடன்தான், எந்தப் பயிற்சியாளருடனும் அல்ல. பையனை வீட்டுக்கு வந்து பார்ப்பது பயிற்சியாளர். நீ என் மகன் மாதிரி என்று சொல்வது பயிற்சியாளர். தாளில் இருப்பதோ கல்லூரி.

ஸ்மித் முன்னெச்சரிக்கையாக நடந்துகொண்டது வீண்போகவில்லை. அவரைச் சேர்த்துக்கொண்ட ஜார்ஜியாவின் தலைமைப் பயிற்சியாளர் மார்க் ரிக்ட் அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வேலையை இழந்தார். ஸ்மித் விரும்பியிருந்தால் போயிருக்கலாம், போகவில்லை. புதிய பயிற்சியாளரிடம் ஆடினார், 2017இல் நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது வாங்கினார், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2018இல் எட்டாவது இடத்தில் தேர்வானார். கட்டிப்போடப்படாதவன் ஓடிவிடுவான் என்ற பயத்துக்கு இது ஒரு பதில் என்று எனக்குத் தோன்றியதுண்டு. பதில் என்று சொல்ல ஒரே ஒருவரின் கதை போதாது என்பதும் தெரியும். வெபரும் ஓஹாயோ ஸ்டேட்டிலேயே இருந்து, 2016இல் ஆயிரம் யார்டுகளுக்கு மேல் ஓடினார். யாருடைய வாழ்க்கையும் கெட்டுப்போகவில்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமை காலை டெட்ராய்ட்டில் அந்தப் பையனுக்கு எப்படி விடிந்திருக்கும்? டிரேட்டனை நான் குறை சொல்லவில்லை. தொழில்முறை அணியில் வேலை கிடைத்தால் யார்தான் போகமாட்டார்கள்? உல்பிரிக்கும் அப்படித்தான். அவர்களை யாரும் துரோகி என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஒரு பெரியவர் மேலும் நல்ல வாய்ப்பைத் தேடிப் போனார் என்று இரண்டு வரியில் செய்தி முடிந்துவிடும். அதே காரணத்துக்காக, அதே வாரத்தில், அதே வேலையைச் செய்த பையனின் குணநலன் பற்றி மட்டும் ஊரே கூடித் தீர்ப்பு எழுதும்.

மேசையின் மறுபக்கம்

கல்லூரிகளும் மனம் மாறுகின்றன. அதற்கு வேறு பெயர்கள் உண்டு, அவ்வளவுதான். உதவித்தொகை தருகிறோம் என்று தாராளமாகச் சொல்லியிருப்பார்கள். பையன் சரி என்று சொல்ல வரும்போது, கொஞ்சம் பொறு, முதலில் எங்கள் முகாமுக்கு வா, உன் இறுதியாண்டு ஆட்டத்தைப் பார்க்கிறோம் என்பார்கள். கையில் இடம் பத்து இருந்தால் சொல்லியிருப்பது நூறு பேருக்கு. முதலில் சரி சொல்கிறவனுக்கு இடம், தயங்கியவனுக்குக் கதவு மூடும். ஆகவே 16 வயதில் அவசரப்பட்டுச் சொல் கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஆசையில் கொடுப்பதில்லை, பலர் பயத்தில் கொடுக்கிறார்கள்.

எரிக் ஸ்வென்சன் என்று ஒருவர், இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த தாக்குதல் வரிசை வீரர். 2013 நவம்பரில் மிச்சிகனுக்குச் சொல் கொடுத்தார். அவரிடம் சொல் வாங்கிய பயிற்சியாளர் வேலையை இழந்தார், ஹார்பா வந்தார், ஸ்வென்சன் சொன்ன சொல்லில் நின்றார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நின்றார். 2016 ஜனவரியில், கையெழுத்து நாளுக்குச் சுமார் இரண்டு வாரம் இருக்கையில், உனக்கு இங்கே இடமில்லை என்று கல்லூரி சொல்லிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அவரைத் தேடி வந்த மற்றக் கல்லூரிகளுக்கெல்லாம் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். நல்லவேளையாக ஓக்லஹோமா எடுத்துக்கொண்டது. பின்னாளில் அங்கே தொடக்க அணியிலும் ஆடினார். என் அலுவலக நண்பரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, அது தொழில்ரீதியான முடிவு என்றார். பையனின் முடிவு மட்டும் எப்போது தொழில்ரீதியாகும் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே காபி எடுக்கப் போய்விட்டார்.

பயிற்சியாளர்களின் நாட்காட்டியையும் பாருங்கள். லிங்கன் ரைலி ஓக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியாவின் யுஎஸ்சிக்குப் போனது 2021 நவம்பர் 28. அந்த ஆண்டு கையெழுத்துத் தொடங்கியது டிசம்பர் 15. லேன் கிஃபின், வெற்றிமேல் வெற்றியாகப் போய்க்கொண்டிருந்த ஓல் மிஸ் (மிசிசிப்பிப் பல்கலைக்கழகம்) அணியைத் தேசியப் போட்டிக்கு முன்பே விட்டுவிட்டு எல்எஸ்யூவுக்குப் போனது 2025 நவம்பர் 30. கையெழுத்து நாள் டிசம்பர் 3. மூன்றே நாள். அந்த மூன்று நாளில் ஓல் மிஸ்ஸுக்குச் சொல் கொடுத்திருந்த ஒரு பையன் என்ன செய்ய வேண்டும் என்று நம் ஒழுக்கவாதிகள் எதிர்பார்க்கிறார்கள்? பருவத்தின் இறுதியில் பயிற்சியாளர்கள் மாறுவதும் கையெழுத்து நாளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி இந்த அட்டவணையைப் போட்டவர்கள் பெரியவர்கள்தான். பையன்கள் அந்த இடுக்கில் நெளிகிறார்கள், அதைப் பார்த்து நாம் நிலையில்லாதவர்கள் என்கிறோம்.

பணம் வந்த பிறகு

இப்போது நண்பர் வேறு வாதம் வைத்திருக்கிறார். 2021 ஜூலையில் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு சம்பாதிக்கலாம் என்று விதி மாறியதல்லவா, அதன் பிறகு நடப்பதெல்லாம் ஏலம் என்கிறார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் டிராவிஸ் ஹண்டர் செய்ததை நினைத்துப் பார்க்கிறேன். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குச் சொல் கொடுத்திருந்தவர், நாட்டின் முதல்நிலை வீரர், கையெழுத்து நாளன்று ஜாக்சன் ஸ்டேட் என்ற கறுப்பினத்தவர் கல்லூரியின் தொப்பியை எடுத்தார். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் பழைய நாயகன் டியான் சாண்டர்ஸ். பணம்தான் காரணம் என்று அன்றே பலர் அடித்துச் சொன்னார்கள். ஓராண்டு கழித்து சாண்டர்ஸ் கொலராடோவுக்குப் போனபோது ஹண்டரும் கூடவே போனார். 2024இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். அவர் பின்தொடர்ந்தது ஒரு மனிதரை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பணம் கெடுத்த கதையும் உண்டு. ஜேடன் ரஷாடா மயாமிக்குச் சொல் கொடுத்திருந்து, 2022 நவம்பரில் ஃப்ளோரிடாவுக்கு மாறினார். 1 கோடியே 38.5 லட்சம் டாலர் தருவதாகச் சொல்லப்பட்டதை நம்பி மாறியதாகவும், அந்தப் பணம் வரவில்லை என்றும் பின்னர் அவர் தொடுத்த வழக்கு சொல்கிறது. கையெழுத்திட்ட பிறகு விடுவிக்கும்படி கேட்டு வெளியேறினார். மனம் மாறியவன் பேராசைக்காரன் என்று பேசியவர்கள், மாற வைத்தவர்களைப் பற்றி அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்கவில்லை.

அண்டர்வுட்டுக்கு வருகிறேன். அவருக்கு மிச்சிகன் தரப்பில் பெருந்தொகை பேசப்பட்டது என்று எல்லா நாளிதழ்களும் எழுதின. எல்எஸ்யூ ரசிகர்கள் கொதித்தார்கள். அவர் தன் சொல்லைக் காப்பாற்றி லூசியானாவுக்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவரை அங்கே அழைத்த தலைமைப் பயிற்சியாளர் பிரையன் கெல்லியை எல்எஸ்யூ 2025 அக்டோபர் 26 அன்று நீக்கியது. அவர் போய்ச்சேர்ந்த மிச்சிகனிலோ, தலைமைப் பயிற்சியாளர் ஷெரோன் மூரைப் பல்கலைக்கழகம் அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று ஒழுங்கு நடவடிக்கையாக நீக்கியது. சொல்லைக் காத்திருந்தாலும் மீறியிருந்தாலும், ஏறக்குறைய ஓராண்டில் எதிரில் நின்று கைகுலுக்கியவர் இருக்கப்போவதில்லை. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்குள் அந்தப் பாதிச் சுளிப்பும் போயிற்று. சொல் என்பது இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது. ஒரு முனையில் நிற்பவர் யார் என்பதே மாறிக்கொண்டிருக்கும்போது, மறுமுனையில் இருக்கும் சிறுவன் மட்டும் அசையாமல் நிற்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மாறுவதால் யாருக்கும் கேடில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அண்டர்வுட் வருவதற்கு முன் மிச்சிகனுக்குச் சொல் கொடுத்திருந்த குவார்ட்டர்பேக் ஒருவர் இருந்தார். ஃப்ளோரிடாவைச் சேர்ந்த கார்ட்டர் ஸ்மித். அண்டர்வுட்டை மிச்சிகன் துரத்தியதையொட்டி அவர் விலகி, விஸ்கான்சினில் கையெழுத்திட்டார். ஒருவர் நகர்ந்தால் வரிசையில் இருக்கும் இன்னொருவர் நகர வேண்டியிருக்கிறது, அவருக்குப் பின்னால் மூன்றாமவர். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருக்கும் பையனின் பெயர் எந்தச் செய்தியிலும் வராது. மனம் மாறுவதற்கு எதிராக ஏதாவது ஒரு வாதம் என்னை அசைக்கிறதென்றால் அது இதுதான். ஆனால் அந்த டோனட் பெட்டியின் முன் நின்றவர்கள் யாரும் கார்ட்டர் ஸ்மித்தைப் பற்றிப் பேசவில்லை.

அந்தப் பழைய ஒப்புதல் கடிதம் 2024 அக்டோபரில் கைவிடப்பட்டது. அறுபது ஆண்டு வழக்கம் ஒரு கூட்டத்தில் முடிந்தது. 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்தின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. இனி பையன் கையெழுத்திடுவது உண்மையான ஒப்பந்தம். இது நல்லதுதான் என்று முதலில் நினைத்தேன், இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன். எழுதிக்கொடுத்தால் இருவருக்கும் கட்டுப்பாடு. ஆனால் ஒப்பந்தங்களில் வெளியேறும் தொகை என்ற ஷரத்து நுழைந்திருக்கிறது. மேடன் ஐயமலேயாவா என்ற குவார்ட்டர்பேக் யுசிஎல்ஏவுக்குச் சொல்லியிருந்து, 2024 டிசம்பர் 4, கையெழுத்து நாளன்று ஆர்கன்சாவுக்கு மாறினார். சில மாதங்களில், தன் அண்ணனுடன் சேர்ந்து ஆட யுசிஎல்ஏவுக்கே திரும்பினார். ஒப்பந்தப்படி பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஆர்கன்சா தரப்பு கேட்டது. சட்டப்படி கேட்டிருக்கலாம், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

பயிற்சியாளர்களின் ஒப்பந்தங்களில் இந்த ஷரத்து வெகுகாலமாக இருக்கிறது. அவர் வேறு கல்லூரிக்குப் போனால் அந்தத் தொகையைப் பெரும்பாலும் புதிய கல்லூரியே கட்டிவிடும். அவரை நீக்கினாலோ பழைய கல்லூரி அவருக்குத் தர வேண்டும். கெல்லியின் விஷயத்தில் அது 5 கோடி டாலருக்கும் மேல். பையன்களின் தாளில் முதல் பாதி வந்துவிட்டது. பயிற்சியாளர் போய்விட்டால் பையனுக்கு என்ன தருவீர்கள் என்ற இரண்டாம் பாதியை, தொப்பி மேசையில் உட்காருமுன் எந்த அப்பாவாவது கேட்டு எழுதி வாங்கினால், அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க எனக்கு ஆசை.